புதிய பதிப்பின்படி தங்கச்சாமி இருக்குமிடம்

இண்டர்நெட் பார்க்கிற பிரவுசருக்குப் புதிய பதிப்பு வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று கேள்வி. கோவில்பட்டி மானாவாரி விதைக் கழகத்தின் வட்டார அலுவலகத்தில் அதற்கு வாழைமரம் கட்டினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்து ஐப்பசி. சென்னைத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. உலாவியின் புதிய பதிப்பில் உள்ள வசதிகள் யாவும் தக்க மரியாதையுடன் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. தக்க மரியாதை என்றால் எது என்று விளக்கம் இல்லை. ஆகவே உதவி இயக்குநர் மணிகண்டபிரபு தமக்குத் தெரிந்த மரியாதைகள் அத்தனையையும் செய்தார். பந்தல் போட்டார். மேளம் வைத்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை சாத்தினார். புது லாரிக்கு டயருக்கடியில் வைப்பதுபோல மௌஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மௌஸ் எவ்வளவு தள்ளியும் பழத்தின் மேல் ஏறவில்லை. கடைசியில் ஒரு குமாஸ்தா கையாலேயே நசுக்கிக் காரியத்தை முடித்தார்.

பிறகு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பூங்கொடி பட்டனை அமுக்கினாள். புதிய பதிப்பு இறங்கத் தொடங்கியது. நாயனக்காரர் சாமிப் பாட்டெல்லாம் வாசித்து, கல்யாணப் பாட்டெல்லாம் வாசித்து, வேறு வழியில்லாமல் தாலாட்டுக்கு வந்த நேரத்தில் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் அது முதலிலிருந்து இறங்கியது. அவரும் முதலிலிருந்து வாசித்தார்.

இடைப்பட்ட நேரத்தில் உதவி இயக்குநர் பேசினார்.

"இத்தனை வருஷமாக விவசாயி நம்மைத் தேடி வந்தார். நாம் அவரைத் தேடிப் போனதில்லை. ஏன்? அவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. இந்தப் புதிய பதிப்பு, எதிரே இருப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆகவே இனிமேலும் நாம் தேடிப் போகவேண்டிய அவசியம் இல்லை. இன்னொரு வசதி. முன்பெல்லாம் நெட் இல்லை என்றால்தான் நம் அலுவலகத்தில் வேலை நடக்காது. இனி நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். பந்தலின் ஓரத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற தங்கச்சாமியும் தட்டினார். விதை வாங்க வந்த இடத்தில் தட்டாமல் நின்றால் நன்றாக இருக்காது.

தங்கச்சாமிக்கு ஊர் புளியங்கரிசல். கோவில்பட்டிக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டினாற்போல இருக்கிறது. நாலு நாளைக்கு முன்னால் அங்கே நல்ல உழவு மழை பெய்திருந்தது. கரிசல் மண்ணின் குணம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மழை பெய்த கையோடு அந்த நிலத்தில் காலை வைத்தால், மண் முழங்கால் வரைக்கும் ஏறி வந்து நம்மோடு வீட்டுக்கு வரும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு பதம் வரும். கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடித்தால் பிடிக்கும், விட்டால் உதிரும். அந்தப் பதத்தில் விதை விழவேண்டும். அதைத் தவறவிட்டால் நிலம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். அப்புறம் அந்த வெடிப்புக்குள் விதை போடமுடியாது, ஆட்டுக்குட்டி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

அவருக்கு வருஷத்தில் ஒரே விதைப்புதான். முன்னொரு தடவை அது தவறியபோது, ஊரில் பாதிப்பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். பூட்டினவர்களில் பலபேர் இன்னும் திறக்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால் அடுத்த பூட்டு தங்கச்சாமி வீட்டுக்கதவில்தான் என்று அவர் பெண்சாதி சீனித்தாய் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். விதைக்கென்று பானையில் போட்டு வைத்த உளுந்தில் வண்டு விழுந்துவிட்டது. பஜாரில் கிடைத்ததெல்லாம் உடைத்த உளுந்து. அது இட்லிக்கு ஆகும், நிலத்துக்கு ஆகாது. விதை உளுந்து இருந்த ஒரே இடம் கழகத்தின் கிட்டங்கி. மானாவாரி விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று சர்க்கார் அனுப்பிய மூடைகள், அலுவலகத்தை ஒட்டினாற்போல், ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி அடுக்கியிருந்தன. ஆனால் கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் மூடை வெளியே வரும்.

மறுநாள் காலையில் தங்கச்சாமி முதல் ஆளாகப் போனார். அவருக்கு முன்னால் புதிய வசதிகள் போய் உட்கார்ந்திருந்தன.

முதல் வசதி தாவல். பழைய பதிப்பில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும். புதியதில் ஒரே ஜன்னலுக்குள் பல பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்க்கலாம். மணிகண்டபிரபு இதைக் கேட்டதும் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு தலைவரை நியமித்துவிட்டார். கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி ஒன்று. முதல் தாவல் திறந்திருந்தால் அதன் தலைவியான குமாஸ்தா சங்கரம்மாள் உட்காருவாள். இரண்டாம் தாவலைத் திறந்தால் சங்கரம்மாள் எழுந்திருக்க, அடுத்த தலைவர் உட்காருவார். ஒரு பெயரைப் பதிவதற்குள் கோயில் திருவிழாவில் நாற்காலி சுற்றி ஓடுகிற போட்டி மாதிரி ஆகிவிடும். தங்கச்சாமி தம் பெயரைச் சங்கரம்மாளிடம் சொல்லியிருந்தார். அடுத்த தலைவர் உட்கார்ந்ததும் அவரிடம் ஏதோ கேட்கப்போய், "தங்கச்சாமிங்க" என்று ஆரம்பித்தார். பெயரைப் பற்றித் தம்மிடம் பேசக்கூடாது, அது அந்தம்மாள் தாவல் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம் தாவலைப் பொறுத்தவரை தங்கச்சாமி பெயரில்லாத ஆள் என்றும் விளக்கினார்.

இரண்டாவது வசதி வீடியோ. கம்ப்யூட்டரில் வேறு எந்த மென்பொருளும் ஏற்றாமல் அந்தப் பக்கத்திலேயே படம் தானாக ஓடும். விவசாயி பதிவதற்கு முன்னால் இயக்குநரின் வாழ்த்துரையைப் பார்த்தாக வேண்டும் என்று தலைமையகம் ஏற்பாடு செய்திருந்தது. மேலதிகாரி திரையில் வந்ததும் அலுவலகமே எழுந்து நின்றது. நெட் மெதுவாக வந்தது. இயக்குநர் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. உட்காரலாமா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. பதினோரு மணி டீ வந்து ஆறி, ஆடை கட்டியது. பிறகு இயக்குநர் வாயை மூடினார். வணக்கம் முடிந்ததா, இனிமேல்தானா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. நின்ற களைப்பில் அன்றைக்குப் பதிவு நடக்கவில்லை.

மூன்றாவது வசதியைத்தான் அலுவலகம் உயிராக மதித்தது. அதற்குத் தனி உலாவல் என்று பெயர். அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் அப்புறம் அடையாளம் இருக்காது. இது புதிய வசதியா என்று பழைய ஊழியர்கள் ஆச்சரியப்பட்டார்கள். தனி என்றால் தனிதானே என்று, தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு சீரான சத்தம் வரும். வேலை நடக்கிறது என்று தங்கச்சாமி முதலில் நினைத்தார். வாட்ச்மேன் கருத்தையா அது உதவி இயக்குநரின் குறட்டை என்று விளக்கினார். சாயங்காலம் திரையை விலக்கும்போது, சொன்னபடியே, அன்றைக்கு வேலை நடந்ததற்கு ஓர் அடையாளமும் இருக்கவில்லை.

இப்படியாக, தாவல்களைத் தாண்டி, வாயைத் தாண்டி, குறட்டையைத் தாண்டி, தங்கச்சாமி கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இந்தப் பக்கம் உங்கள் இருப்பிடத்தை அறிய விரும்புகிறது, அனுமதிக்கவா, மறுக்கவா என்று கேட்டது.

பூங்கொடி அனுமதிக்கப் போனாள். உதவி இயக்குநர் அவள் கையைத் தடுத்தார். அனுமதி என்பது பெரிய வார்த்தை, தினக்கூலி ஆபரேட்டர் எப்படி அனுமதிக்கலாம் என்றார். தலைமையகத்துக்கு ஃபாக்ஸ் போனது. தலைமையகம் கூடி யோசித்தது. அனுமதிக்க அனுமதித்து ஆணையிடப்படுகிறது என்று பதில் வந்தது. அதற்குள் புளியங்கரிசலில் பதம் வந்துவிட்டது. சீனித்தாய் காலையில் நிலத்துக்குப் போய் மண்ணைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு விட்டால் போச்சு என்று சொல்லிப் புருஷனை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

பூங்கொடி அமுக்கினாள். கம்ப்யூட்டர் சிறிது நேரம் யோசித்து, விண்ணப்பதாரர் இருக்குமிடம் சென்னை என்று காட்டியது.

நெட் லைன் சென்னை எக்ஸ்சேஞ்சைச் சுற்றி வருவதால் அப்படிக் காட்டுகிறது, இங்கே யார் உட்கார்ந்தாலும் சென்னை என்றுதான் வரும் என்று பூங்கொடி சொன்னாள். உதவி இயக்குநர் சுற்றறிக்கையை எடுத்துப் புரட்டினார். இருப்பிடத்தைப் பொறுத்தவரை புதிய பதிப்பு சொல்வதே இறுதியானது என்று இருந்தது.

"தங்கச்சாமி, நீங்க சென்னையில இருக்கீங்க."

"இல்ல சார். இங்கன உங்க முன்னாலதான் நிக்கேன்."

"நிக்கறது வேற. இருக்கறது வேற."

தங்கச்சாமி ஒருதடவை தம் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மெட்ராஸைத் தாம் கண்ணால் கண்டதில்லை என்றும், சாத்தூருக்கு வடக்கே ஒரு கல்யாணத்துக்குப் போனதோடு சரி என்றும் பணிவாகச் சொன்னார். போகாமலே இருக்க முடிவதுதான் புதிய பதிப்பின் பெருமை என்றார் மணிகண்டபிரபு. சென்னையில் குடியிருப்பவருக்கு மானாவாரி விதை கொடுத்தால் தணிக்கையில் தம்மைப் பிடித்துவிடுவார்கள். சென்னையில் இல்லை என்று கிராம அதிகாரியிடம் சான்று வாங்கி வரலாமே என்று வழியும் சொன்னார்.

தங்கச்சாமி ஓடிப்போய் கிராம அதிகாரியையே கையோடு கூட்டி வந்தார். அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவரும் சென்னையில் இருந்தார். சென்னையில் இருக்கிறவர் புளியங்கரிசலைப் பற்றிச் சான்று கொடுப்பது செல்லாது. சாயங்காலத்துக்குள் புளியங்கரிசலிலிருந்து விதைக்காக வந்த அத்தனை சம்சாரிகளும் சென்னையில் இருப்பது உறுதியானது. தலைமையகத்துக்குச் சந்தோஷமான தகவல் ஒன்று போனது. வட்டாரத்தில் விதை கேட்டு நிலுவையில் உள்ள விவசாயி ஒருவர்கூட இல்லை.

மறுநாள் காலையில் சீனித்தாயே வந்துவிட்டாள். சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்த மண்ணை உதவி இயக்குநர் மேஜைமேல் கொட்டினாள்.

"இத ஒருதடவ கையில பிடிச்சுப் பாருங்க சார்வாள். இன்னிக்கு வெயில் தாங்காது. இன்னிக்கு விதைக்கலைன்னா நாங்க வீட்டப் பூட்டிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

அவர் மண்ணைத் தொடவில்லை. மேஜை அழுக்கானதையும் அவர் பெரிதுபடுத்தவில்லை. "கிளம்பறதுன்னா எங்கம்மா கிளம்புவீங்க? ஏற்கெனவே அங்கதானே இருக்கீங்க" என்று பொறுமையாகச் சொன்னார். ஆள் கெட்டவர் இல்லை.

அவருடைய பொறுமைக்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஊழியர்களின் சம்பளப் பக்கமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தது. அனுமதித்ததும் மணிகண்டபிரபு இருக்குமிடம் சென்னை என்று வந்தது. பூங்கொடி மறுபடியும் எக்ஸ்சேஞ்ச் கதையை ஆரம்பித்தாள். அவளைக் கையமர்த்திவிட்டு அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டியில் வேலை பார்ப்பவருக்குக் கொடுக்கிற வீட்டு வாடகைப் படி ஒரு மாதிரி. சென்னையில் வேலை பார்ப்பவருக்குக் கொடுப்பது வேறு மாதிரி.

உடனே ஊழியர் கூட்டம் போட்டார்.

"நாம் கோவில்பட்டியில் இருப்பதாகத்தான் எனக்கும் இத்தனை நாள் ஒரு எண்ணம். ஆனால் எண்ணம் வேறு, ஆதாரம் வேறு. விவசாயி விஷயத்தில் ஏற்றுக்கொண்ட உண்மையை நம் விஷயத்தில் மட்டும் மறுத்தால் அது பாரபட்சம் ஆகிவிடும். மனசாட்சிக்கு அஞ்சித்தான் நான் இந்தப் படியைக் கேட்கிறேன்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இந்தத் தடவை தலைமையகம் கூடி யோசிக்கவில்லை, விடிந்ததும் ஃபாக்ஸில் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. சென்னைப் படி வேண்டுமென்றால் வேறு ஊரில் அலுவலகமோ கிட்டங்கியோ சரக்கோ இல்லை என்று உதவி இயக்குநர் எழுதிக்கொடுக்கவேண்டும். அதைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டவும் வேண்டும். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, கிட்டங்கிக் கதவிலேயே ஒட்டச்சொன்னார். வாட்ச்மேன் உள்பட எல்லாரிடமும், தாம் பணிபுரியும் இடம் சென்னை என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, சீனித்தாய் மேஜையில் கொட்டிய மண்ணை மறுபடி முந்தியில் அள்ளி முடிந்துகொண்டு வெளியே வந்தபோது பசை இன்னும் காயவில்லை. ஊர்க்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்த, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ரோட்டோரம் நின்றது. தங்கச்சாமி எழுத்துக் கூட்டி அந்த அறிவிப்பை வாசித்துக்காட்டினார். மானாவாரி விதைக் கழகத்திற்கு இவ்வூரில் கட்டடம், கிட்டங்கி, விதை இருப்பு எதுவும் கிடையாது.

சீனித்தாய் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் கருத்தையாவிடம் போனாள்.

"அண்ணாச்சி, இது யாரு கிட்டங்கி?"

"தெரியலையே தாயி. கழகத்தோடது இல்லைன்னு சார்வாள் கையெழுத்துப் போட்டிருக்காவ."

"உள்ள கெடக்க மூடை?"

"கழகத்துக்கு இங்கன இருப்பே கெடையாதாம்."

"அப்ப நீங்க எதுக்குக் காவல் நிக்கீங்க?"

கருத்தையா ரோட்டை ஒருதரம் பார்த்தார். திரை இழுத்திருந்த ஜன்னலை ஒருதரம் பார்த்தார். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. உள்ளே தனி உலாவல் சீராக நடந்துகொண்டிருந்தது.

"நான் மெட்ராஸ்ல நிக்கேன்னு எழுதி வாங்கிட்டாவ, தாயி. இங்கன நடக்குறது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்.

ஊர்க்காரர்கள் அவசரப்படவில்லை, அடித்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு என்ன அளவோ அதை மட்டும் எடுத்தார்கள். வராதவர்களுக்குள்ளதையும் சேர்த்து வண்டியில் ஏற்றினார்கள். கிட்டங்கியைப் பெருக்கிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை டீக்கடையில் கருத்தையாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வெயில் சாய்வதற்குள் புளியங்கரிசலில் விதைப்பு முடிந்துவிட்டது. கடைசி ஏரை அவிழ்க்கும்போது நிலம் லேசாக இறுக ஆரம்பித்திருந்தது என்று சொல்வார்கள்.

திரையை விலக்கிய மணிகண்டபிரபு காலியான கிட்டங்கியைப் பார்த்துவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். கிட்டங்கிவரை நடந்து வந்து, கதவில் இருந்ததை முழுசாக வாசித்தார்.

"இது உங்க கையெழுத்துதானா சார்?"

"ஆமா."

"அப்ப கிட்டங்கி உங்களுது இல்ல. இல்ல, உங்களுதுதான்னு சொன்னீங்கன்னா, பொய்ச் சான்று கொடுத்ததா முதல் கேஸ் உங்க மேலதான் எழுதணும். எதை எழுதட்டும்?"

 உதவி இயக்குநர், தாம் புகார் கொடுக்க வரவில்லை என்றும், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

ஆனாலும் இருப்புக் கணக்கில் இருந்த உளுந்து எங்கே போனது என்று தலைமையகம் ஒருநாள் கேட்கும். அதற்கு முன்னால் அவரே முந்திக்கொண்டார். விதை முழுவதும் சென்னையில் வசிக்கும் மானாவாரி விவசாயிகளுக்கு வழங்கப்பட்டுவிட்டதாகவும், மாநகரில் உளுந்து அமோகமாக வந்திருப்பதாகவும் அறிக்கை அனுப்பினார். பயிர் பூப்பதற்கு முன்பே விளைச்சல் அறிக்கை போய்ச் சேர்ந்தது. அப்படித்தான் கேட்டிருந்தார்கள். தலைமையகத்தில் யாரும் ஜன்னலைத் திறந்து சென்னையில் உளுந்து தெரிகிறதா என்று பார்க்கவில்லை. நகர்ப்புற மானாவாரி வேளாண்மைக்கான முதல் விருது மணிகண்டபிரபுவுக்கு என்று கார்த்திகைக் கடைசியில் கடிதம் வந்தது. சென்னைக்கு வந்து வாங்கிக்கொள்ளவேண்டும்.

அவர் பயணப்படி கேட்டு எழுதினார். சென்னையில் பணிபுரிபவர் சென்னைக்கு வருவதற்குப் பயணப்படி கொடுக்க விதியில்லை என்று பதில் வந்தது. விடுமுறை கேட்டார். இருக்கிற ஊரில் நடக்கிற விழாவுக்கு எதற்கு விடுமுறை, காலையில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் போதாதா என்று கேட்டார்கள். ஆகவே உதவி இயக்குநர் யாருக்கும் தெரியாமல், சொந்தக் கைக்காசில் டிக்கெட் எடுத்து, பகல் வண்டியில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினார். உட்கார இடமில்லை. சால்வை போர்த்துகிற விழாவுக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு வாசற்படியில் நின்றார்.

வண்டி புளியங்கரிசலைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் உளுந்து பச்சையாக நின்றது. தங்கச்சாமியும் சீனித்தாயும் நிலத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுத் தங்கச்சாமி நிமிர்ந்து, கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார். வாசற்படியில் நின்றவர் சட்டென்று முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டார்.

"ஏட்டி, படியில நிக்காவளே, அது நம்ம சார்வாள் மாதிரியில்ல இருக்கு."

சீனித்தாய் தலையைத் தூக்கவில்லை.

"அவிய எப்படி இங்கன இருப்பாவ? நீங்க களையப் பாருங்க."